நொச்சிக் குச்சியில் அரளி விஷம்

அத்தியாயம் 9

அந்தக் கொடியைத் தொட்டிருக்கக் கூடாது என்று சித்ரலேகாவுக்குத் தொட்ட பிறகுதான் தோன்றியது.

போலீஸ் ஸ்டேஷன் மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் அந்தக் கொடிக் கட்டை வைத்திருந்தார்கள். இலை இல்லை. வேர் இல்லை. பச்சையும் மஞ்சளுமாக நூல் நூலாகச் சுருண்டு கிடந்தது. இரண்டு நாள் வெக்கையில் நசுங்கிய இடமெல்லாம் கொழகொழவென்று கசிந்திருந்தது. புளித்த கஞ்சித் தண்ணீர் வாடை. விரலை எடுத்தாள், கூடவே சளி மாதிரி ஒரு இழை நீண்டு வந்தது. அந்த விரலை இனி என்ன செய்வது என்று தெரியாமல், அது வேறு யாருடைய விரலோ என்பதுபோல, கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நம்ம மெஸ்ஸு இடியாப்பம்தான் யக்கா இது. தேங்காப்பாலு மட்டும்தான் குறையுது" என்றான் மைதீன்.

"வாயை மூடு."

"மூடுதேன். ஆனா நாளைக்குக் காலையில நீங்க இடியாப்பத்தைத் தொட மாட்டிய. பந்தயம்."

முகம்மது மைதீன் மேலப்பாளையத்துக்காரன். நெல்லை டவுண் கீழ ரத வீதியில், அல்வாக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சித்ரலேகா துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன், ஒரே ஆட்டோ டிரைவர், யாரும் கேட்காமலே ஆலோசனை சொல்லும் ஒரே ஆலோசகன். கல்யாண விசாரணையும் காணாமல் போன பத்திரமுமாக ஓடிக்கொண்டிருந்த நிலையத்துக்கு, முந்தாநாள்தான் முதல் தடவையாக விஷக் கேஸ் ஒன்று வந்து சேர்ந்திருந்தது.

"பார்த்தாச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர் சாலோமி, கைக்கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டே. "மணி பன்னிரண்டேகால். நாலு மணிக்கு இவளை மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். அதுக்குள்ள ஏதாவது கொண்டு வந்தா கேக்கேன். இல்லேன்னா கொக்கிரகுளம் ஜெயிலுதான்."

இவள் என்றது சுவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுடலைவடிவை. ஐம்பது வயதிருக்கும். ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் பச்சிலை பறித்து வைத்தியர்களுக்குக் கொடுப்பது அவள் பிழைப்பு. முழங்கை வரைக்கும் முள் கீறிய தழும்புகள்.

"நொச்சியிலதாம்மா எடுத்தேன்" என்றாள் அவள். இதை நூறாவது தடவையாகச் சொல்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. "முப்பது வருசமாக் கொத்தான் எடுக்கேன். அரளி எது, நொச்சி எதுன்னு தெரியாதவளா நான்? உள்ள போட்டுட்டு நாளைக்கே வெளிய விட்டாலும் எனக்கு என்ன இருக்கு? விசத்தைப் பறிச்சுக் குடுத்தவன்னு பேராயிட்டு. இனிமே எந்த வைத்தியரு என் சரக்கைக் கையால தொடுவாவ?"

விஷயம் இவ்வளவுதான். ஆற்றங்கரைத் தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் குற்றாலலிங்கத்துக்கு ஆறு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. சித்த மருத்துவர் ஜயலக்ஷ்மி கொத்தான் கஷாயம் எழுதிக் கொடுத்தார். கொத்தானுக்குச் சொந்த வேர் கிடையாது. எந்தச் செடியைப் பிடிக்கிறதோ அதன் சாற்றை உறிஞ்சிப் பிழைக்கும். நொச்சியில் படர்ந்தால் மருந்து. அரளியில் படர்ந்தால் அரளி விஷமும் கூடவே ஏறிவிடும். மூன்று நாளைக்கு மூன்று கட்டு. முதல் நாள் கஷாயம் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் நாள் குடித்த அரை மணி நேரத்தில் வாந்தி. நாடி விழுந்துகொண்டே போனது. இப்போது பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடக்கிறார். அரளி விஷம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாளைக்கென்று சமையலறையில் இருந்த கட்டுதான் மேஜையில் இருப்பது.

"கட்டுக்குள்ள நொச்சிக் குச்சி எதுக்கு?" என்று கேட்டாள் சித்ரலேகா.

"தாய்க்குச்சி" என்றாள் சுடலைவடிவு. "எதுல படர்ந்துச்சோ அந்தக் கொப்பையும் சேத்து ஒடிச்சுக் குடுக்கணும். அப்பத்தான் டாக்டரம்மா வாங்குவாவ. இலையைப் பாத்தா எந்தச் செடின்னு தெரிஞ்சிரும்லா."

"அதேதான் நானும் சொல்லுதேன்" என்றார் சாலோமி. "கொடி அரளியில பறிச்சது. குச்சி மட்டும் நொச்சி. ஏமாத்தத்தானே சொருகியிருக்கா?"

சித்ரலேகா பென்சில் முனையால் நொச்சிக் குச்சியைத் தூக்கினாள். குச்சியைச் சுற்றியிருந்த கொடி, கழன்ற வளையல் மாதிரி வழுக்கிக் கொஞ்சம் கீழே இறங்கியது. ஈரமாக, சத்தமில்லாமல். செல்போனில் நான்கைந்து போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"நம்ம கட்சிக்காரருக்குச் சந்தோசமா இருக்கும்" என்றான் மைதீன், ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டே.

கேஸைக் கொண்டு வந்த கட்சிக்காரர் சிவகணேஷ், குற்றாலலிங்கத்தின் தங்கை மகன். மாமாவோடு அதே வீட்டில் இருப்பவன். 'மாமாவுக்கு விஷம் கொடுத்தவங்க ஒருத்தர் தப்பக் கூடாது. அந்தப் பச்சிலைக்காரி மட்டும் போதாது, டாக்டரும் உள்ளே போகணும்' என்று சொல்லி, மாடிப்படி ஏறி வந்து, நெற்றி நிறையத் திருநீற்றோடு அழுதவன். அவன் அழுதபோது கண்ணில் ஈரம் இல்லாததை சித்ரலேகா கவனித்தாள். துக்கத்தில் சிலருக்குக் கண்ணீர் வராது என்று அப்போது சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

"கால்வாய்க் கரைக்குப் போ. வழியில டாக்டரையும் ஏத்திக்கிடுவோம்."

டாக்டர் ஜயலக்ஷ்மி அரை மனதோடு ஏறினார். வழி நெடுக முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டே வந்தார்.

"நான் போலீஸ்ல எல்லாம் எழுதிக் கொடுத்துட்டேன். அவ கொண்டு வந்தா, நான் அப்படியே பேஷண்ட் ஆத்துக்குக் கொடுத்தனுப்பினேன். நடுவுல நான் ஒண்ணுமே பண்ணலை. இதுல என்னை ஏன் இழுக்கறேள்?"

"நான் இழுக்கலை டாக்டர். கொடியைத்தான் இழுத்துப் பார்க்கணும்."

கால்வாய் ஓரம் நொச்சிப் புதர்கள் வரிசையாக நின்றன. நின்றன என்று சொல்வதுகூட மரியாதைக்காகத்தான். பாதிப் புதர்கள் கொத்தானுக்கு அடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. யாரோ வாந்தி எடுத்துப் போர்த்திவிட்ட மாதிரி மஞ்சள் படலம். அடியில் இலைகள் வெளிறி, கொப்புகள் வற்றிப் போயிருந்தன. மேலே கொடி மட்டும் கொழுத்துப் பளபளத்தது. பக்கத்திலேயே மீன் கழிவு மூட்டையை யாரோ வீசிவிட்டுப் போயிருந்தார்கள். ஈக்கள் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் பாராட்டவில்லை.

சித்ரலேகா கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஒரு கொடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள். பிய்ந்து வந்தது, கூடவே நொச்சிப் பட்டையும் உரிந்து வந்தது. கொடியின் உள்பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன முண்டுகள். அட்டையின் வாய்கள் மாதிரி. பட்டையில் அதே வரிசையில் பள்ளங்கள்.

"ச்சீ" என்றாள்.

"உறிஞ்சு வேர்" என்றார் டாக்டர். "அதாலதான் பிடிச்சுக்கும். அசல் சரக்குன்னா பட்டையோட ஒட்டிண்டுதான் இருக்கும். நாங்க எப்பவும் ஒரு தடவை இழுத்துப்..."

டாக்டர் வாயை மூடிக்கொண்டார். மூடியது ஒரு நொடி தாமதம்.

சித்ரலேகா மெதுவாகத் திரும்பினாள். "இழுத்துப் பார்ப்பீங்க. அப்படித்தானே? சுடலைவடிவு கொண்டு வந்த மூணு கட்டையும் இழுத்துப் பார்த்தீங்களா?"

டாக்டர் கால்வாய்த் தண்ணீரைப் பார்த்தார்.

"டாக்டர், அந்தப் பொம்பளை நாலு மணிக்கு ஜெயிலுக்குப் போறா."

"பார்த்தேன்" என்றார் கடைசியில். "மூணும் பட்டையோட வந்தது. நல்ல சரக்குதான். ஆனா சோதிச்சுப் பார்த்தேன்னு எழுதிக் கொடுத்தா, அப்புறம் பொறுப்பு என் தலையில விழாதா? கிளினிக் என்ன ஆறது? பசங்க படிப்பு இருக்கு. அவளுக்கென்ன, நாலு நாள்ல ஜாமீன் கிடைச்சுடும்."

மீன் மூட்டை வாடை கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றியது சித்ரலேகாவுக்கு.

"அரளி சமாசாரம் வேற யாருக்குத் தெரியும்?"

"பேஷண்ட் வந்தப்போ நானே சொன்னேன். நொச்சிதான் வேணும், அரளியில படர்ந்தது வயத்துக்குப் போனா அரளி தின்ன மாதிரின்னு. மாமாவும் மருமானும் எதிர்லதான் உட்கார்ந்திருந்தா. அந்த மருமான் ரெண்டு தரம் கேட்டுண்டார்."

மைதீன் இதற்குள் ஒரு புதரைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஒரு கொடியின் அடியில் விரலை வைத்து, அது ஏறும் வழியிலேயே விரலை நகர்த்திக்கொண்டு, குனிந்து, எழுந்து, மறுபடி சுற்றி.

"என்னலே பண்ணுத?" சித்ரலேகாவுக்குக் கோபம் வந்தால் நெல்லைப் பேச்சு திரும்பிவிடும்.

"இதுக்குத் தலை எங்க, வாலு எங்கன்னு பாக்கேன். ஒரு விசயம் கேட்டியளா யக்கா? எல்லாக் கொடியும் ஒரே பக்கமாத்தான் சுத்துது. எங்க வாப்பா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்து சொன்னாவ, கஅபாவை இடது கைப் பக்கம் வச்சுத்தான் சுத்தி வரணுமாம். இதுவும் அப்படியே சுத்துது பாருங்க. எனக்கு முந்தி ஹாஜியாராயிட்டு போல."

சித்ரலேகா பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அடுத்த புதர். அதற்கடுத்தது. இருபது கொடிகளாவது பார்த்திருப்பாள். அத்தனையும் அதே வழி. கொப்பை இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஏறின. நெல்லையப்பர் கோயில் பிராகாரத்தில் ஒருவன் இப்படிச் சுற்றினால் பத்துப் பேர் தடுத்து நிறுத்துவார்கள்.

செல்போனை எடுத்து, ஸ்டேஷனில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினாள். நொச்சிக் குச்சி. அதன் அடியிலிருந்து நுனி வரைக்கும் கொடி, ஏழெட்டுச் சுற்று. குச்சியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு ஏறியது.

"தலைகீழாப் பிடிச்சு எடுத்திருப்பிய" என்றான் மைதீன் எட்டிப் பார்த்து.

போனைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். சுற்று மாறவில்லை. அவன் தன் தலையைத் திருப்பிப் பார்த்தான். அப்போதும் மாறவில்லை.

"கொடி தானாச் சுத்தினா இடம்" என்றாள் சித்ரலேகா. "இது வலம். அதோட பட்டையில பிடிப்பே இல்லை. மனுஷக் கை சுத்தியிருக்கு. டாக்டர் இழுத்துப் பார்த்தபோது நல்ல கட்டு. வீட்டுக்குப் போன பிறகு கள்ளக் கட்டு. யாரோ அரளிக் கொத்தானைப் பிய்ச்சு வந்து, நொச்சிக் குச்சியில அழகா, பக்தியா, வலமாச் சுத்தி வச்சிருக்காங்க. மூணாம் கட்டு போலீஸ் கையில கிடைக்கணும்னே வச்சிருக்காங்க. நொச்சிக் குச்சியைப் பார்த்தா பழி யார் மேல விழும்?"

"அரளி வெதையை அரைச்சுப் போட்டிருக்கலாமே, சுளுவா?"

"அப்போ அது கொலை முயற்சி. வீட்டுல இருக்கிறவங்களைத்தான் தேடுவாங்க. இது பச்சிலைக்காரியோட கைத்தப்பு. பாவம், தெரியாமப் பறிச்சுட்டான்னு ஊரே அவளைத் திட்டிட்டுப் போயிரும்."

வீட்டில் இருப்பது இரண்டே பேர். கட்டுகளை கிளினிக்கிலிருந்து வாங்கி வந்து கஷாயம் காய்ச்சிய சமையல்காரி அன்னத்தாய். இன்னொருவன், சித்ரலேகாவின் கட்சிக்காரன்.

டாக்டரை கிளினிக்கில் இறக்கிவிட்டு, சாலோமிக்கு போன் செய்து, கட்டை சீல் வைத்த உறையோடு ஆற்றங்கரைத் தெருவுக்கு எடுத்து வரச் சொன்னாள். தெரு முனையில் டீக்கடை. மைதீன் நான்கு நிமிடம் உள்ளே போய்விட்டு, பாதி கடித்த பருப்பு வடையோடு திரும்பினான்.

"நியூஸு சுடச்சுட இருக்கு, வடைதான் ஆறிட்டு. ஹெட்மாஸ்டர் சாரு இந்த வீட்டைப் பொம்பளைப் பிள்ளையளுக்கு வாசகசாலையா எழுதி வைக்கப் போறாராம். வார வெள்ளிக்கிழமை பத்திரம் பதிவு. மருமகப்பிள்ளைக்கு இருபத்தோரு வருசமா வேலை, சாமி கும்பிடுததும் சாப்பிடுததும்தானாம். பத்திரம் முடிஞ்சா வேற வீடு பாத்துக்கோன்னு சாரு சொல்லிட்டாராம்."

நடுக்கூடத்தில் குற்றாலலிங்கத்தின் சாய்வு நாற்காலியில் சிவகணேஷ் உட்கார்ந்திருந்தான். சட்டை இல்லாத மேனி, பட்டை பட்டையாகத் திருநீறு, கழுத்தில் ருத்திராட்சம். இடது மணிக்கட்டில் பழைய கைக்கடிகாரம் ஒன்று. அவள் பார்வை அதில் நின்றதை அவன் கவனித்துவிட்டான்.

"மாமாவோடது. ஆஸ்பத்திரியில கழட்டிக் குடுத்துட்டாங்க. பத்திரமா இருக்கட்டுமேன்னு நான் கட்டிக்கிட்டேன்" என்றவன் எழுந்து வந்து, கேட்காமலே அவள் நெற்றியில் திருநீறு பூசினான். விரல் வியர்வையில் பிசுபிசுத்தது. "நீங்களும் மாமாவுக்காக வேண்டிக்கோங்க மேடம். நான் தினமும் நூற்றெட்டு பிரதட்சிணம் வர்றேன். கால் வீங்கிப் போச்சு."

சித்ரலேகா அந்த விரலின் ஈரத்தை நெற்றியில் பொறுத்துக்கொண்டாள். கால்வாயில் இழுத்த கொடி ஞாபகம் வந்தது.

அடுக்களை வாசலில் அன்னத்தாய் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். வாசல் நிலையருகே சாலோமி வந்து நின்றார். கையில் அரக்கு வைத்த உறை.

"சிவகணேஷ், ரெண்டே கேள்வி. அந்தக் கட்டுகளை நீங்க பார்த்தீங்களா?"

"சீச்சீ! அடுக்களைப் பக்கமே நான் போறதில்லை. அந்தச் சனியனைக் கண்ணாலகூடப் பார்க்கலை. அன்னத்தாய்தான் பார்த்தா."

"பாத்தேன்னா, பிரிச்சேன், நறுக்கினேன், பானையில போட்டேன்" என்றாள் அன்னத்தாய். "மூணாவது கட்டுல கையே வைக்கலை. அதுக்குள்ளதான் அய்யாவுக்கு இப்படி ஆயிட்டே."

சித்ரலேகா குரலைத் தாழ்த்தினாள். "நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க சாஸ்திரம் தெரிஞ்சவங்க, உங்ககிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்றது? அந்தக் கட்டைப் பிரிச்சுப் பார்த்தோம். நொச்சிக் குச்சியில கொடியை யாரோ கையால சுத்தியிருக்காங்க. அதுவும் எப்படி? இடமா. சுடுகாட்டுல சுத்துற சுத்து."

"யக்கா, வலமால்ல..." என்று ஆரம்பித்த மைதீனின் கால் பெருவிரல்மேல் சித்ரலேகாவின் குதிகால் இறங்கியது. "அல்லாவே!" என்று முடித்தான்.

அன்னத்தாய் "அய்யய்யோ" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த உள்ளியை எடுத்தாள்.

சிவகணேஷின் முகம் வெளுத்தது. "இடமாவா? இருக்காது."

"என் கண்ணால பார்த்தேன். உங்க மாமா உயிரோட இருக்கும்போதே அவருக்குன்னு காய்ச்சற மருந்துல அப்பிரதட்சிணம். செய்தவன் எவனோ, அந்தத் தோஷம் அவனைத்தான் முதல்ல பிடிக்கும். இனி அவன் எத்தனை நூற்றெட்டு சுத்தினாலும் ஒண்ணும் ஒட்டாது. அவன் கும்பிட்ட கும்பிடு அத்தனையும் வீண். நீங்களே சொல்லுங்க, இதுக்குப் பரிகாரம் உண்டா?"

"சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க!" அவன் குரல் கூடத்தில் எதிரொலித்தது. ருத்திராட்சத்தை இறுக்கிப் பிடித்திருந்தான். "இடமா ஒண்ணும் சுத்தலை. அடியிலேர்ந்து நுனி வரைக்கும் வலமாத்தான் சுத்தியிருக்கு! அந்தப் புத்திகூட இல்லாதவனா? கவரைப் பிரிச்சுப் பாருங்க!"

உள்ளி உரிக்கும் சத்தம் நின்றது.

வாசலில் சாலோமி நிதானமாக அரக்கை உடைத்தார். குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அடியிலிருந்து நுனி வரைக்கும் விரலை ஓட்டினார்.

"வலம்தான்" என்றார். "கண்ணாலகூடப் பாக்காத மனுசனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மைதீன் நொண்டிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனான். பூஜைக்கென்று வைத்திருந்த அரளிச் செடிகளில், கிணற்றடியில் நின்ற ஒன்று மட்டும் புதிதாக வெட்டி ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. அவன் ஒடித்து வந்த கிளையில் இரண்டு விரல்கடைக் கொத்தான் இன்னும் பல் பதித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கூடத்துத் தரையில் போட்டுவிட்டு, கையை வேட்டியில் மறுபடி மறுபடி துடைத்தான். அவனுக்கும் பகடி வரவில்லை.

"சாகணும்னு செய்யலை" என்றான் சிவகணேஷ். கீழே உட்கார்ந்துவிட்டான். இப்போதும் கண்ணில் ஈரம் இல்லை. "சத்தியமா இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் அவர் எழுந்திரிக்காம இருந்தாப் போதும்னு நினைச்சேன். இருபத்தோரு வருஷம் இந்த வீட்டுல இருந்திருக்கேன் மேடம். எவளோ நாலு பிள்ளைங்க உட்கார்ந்து படிக்கிறதுக்காக நான் தெருவுக்குப் போகணுமா? நான் எங்க போவேன்? எனக்கு வேற என்ன தெரியும்?"

"ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்காளே ஒருத்தி, அவ எங்க போவா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கேள்வி அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "அவளா? அவ காட்டுல மேட்டுல அலையறவதானே."

சித்ரலேகா முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். மாமனுக்கு விஷம் காய்ச்சக் கூசாத கை. முன்பின் அறியாத ஒருத்தியை ஜெயிலுக்கு அனுப்பக் கூசாத கை. இடமாகச் சுற்ற மட்டும் கூசியிருக்கிறது. துடைத்த பிறகும் அந்தப் பிசுபிசுப்பு போகவில்லை.

"அந்தக் கடிகாரத்தைக் கழட்டு" என்றாள். முதல் தடவையாக அவனை ஒருமையில் கூப்பிட்டாள்.

மணி மூன்றே முக்கால். ஸ்டேஷனில் சாலோமி போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "ஆஸ்பத்திரியில சாரு கண்ணு திறந்துட்டாராம். தண்ணி கேட்டாராம்." பிறகு பெஞ்சுப் பக்கம் திரும்பி, குரலைக் கொஞ்சம் இறக்கி, "சுடலைவடிவு, நீ வீட்டுக்குப் போகலாம்மா" என்றார்.

சுடலைவடிவு எழுந்திருக்கவில்லை.

"போகலாம்னு சொல்லுதேன்."

"கேட்டுச்சு."

சித்ரலேகா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "மைதீன் ஆட்டோல கொண்டு விடுவான். வா."

"ஆளைக் கொண்டு விட்டுருவான். எம் பேரை யாரு கொண்டு விடுவா?"

அப்போதுதான் டாக்டர் ஜயலக்ஷ்மி உள்ளே வந்தார். சாலோமிதான் வரச் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டரின் முகத்தில் தாமாகவே வந்ததுபோல ஒரு சிரிப்பு. கையில் இரண்டு ஆப்பிள் போட்ட பை.

"சுடலை, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடுத்து பார்த்தியா? நான் அப்பவே சொன்னேன், உன் மேல தப்பு இருக்காதுன்னு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதே. திங்கட்கிழமை ரெண்டு கட்டு கொத்தான் வேணும், கொண்டு வந்துடு."

சுடலைவடிவு அந்தப் பையைப் பார்த்தாள். சிரிப்பைப் பார்த்தாள். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"இருங்க டாக்டரம்மா" என்றாள். "யம்மா இன்ஸ்பெக்டரே, இவுகளுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் குடுங்க. முன்ன எழுதிக் குடுத்ததை இங்கன வச்சே மாத்தி எழுதட்டும். அதுவரைக்கும் நான் எந்திரிக்கப் போறதில்லை."

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. "இப்போ எதுக்கு அதெல்லாம்? அதான் உன்னை விட்டுட்டாளே..."

சாலோமி மேஜை மேல் வெள்ளைத் தாளை நகர்த்தி வைத்தார். பேனா மூடியையும் தாமே கழற்றினார். மைதீன் கதவருகே போய், தற்செயலாக நிற்பவன்போல வழியை அடைத்துக்கொண்டு நின்றான்.

டாக்டர் உட்கார்ந்தார்.

"எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது" என்றாள் சுடலைவடிவு. "எழுதி முடிச்சதும் இந்த அக்கா வாசிச்சுக் காட்டுவாவ. பைய எழுதுங்க, அவசரமில்லை. சுடலைவடிவு கொண்டு வந்த மூணு கட்டையும் எங்கையால இழுத்துப் பாத்தேன்னு எழுதுங்க. மூணும் நொச்சிப் பட்டையோட வந்துச்சுன்னு எழுதுங்க. எழுதிட்டு, அடியில பேரைப் போடுங்க."